முப்பத்தொரு நாள் பூட்டு

பலெர்மோவில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் விதுரனைப் பற்றிக் கேட்டால், நல்ல பொடியன் என்றுதான் சொல்லுவார்கள். நாற்பது வயதானவனைப் பொடியன் என்பது எங்கள் வழக்கம். விசாரிக்காமல் நல்லவன் என்பது எங்கள் அவசரம். ஆனால் சும்மா சொன்ன பேச்சும் இல்லை. அவனிடம் உதவி வாங்காத தமிழ்க் கடை அந்த நகரத்தில் குறைவு. ஒரேத்தோத் தெருவில் சலூன் வைத்திருக்கிற அருளையாவின் கடை, போன் மேப்பில் இரண்டு வருடமாகத் துறைமுகத்துத் தண்ணீருக்கு நடுவில் கிடந்தது. தலைமயிர் வெட்ட வந்த இத்தாலியர்கள் கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விதுரன்தான் ஒரு பின்னேரம் குந்தியிருந்து கடையைக் கரையேற்றி, திறக்கிற நேரம் போட்டு, கண்ணாடியைத் துடைக்கச் சொல்லிப் படம் எடுத்துப் போட்டவன். ஒரு சதமும் வாங்கவில்லை.

இந்த வித்தையை அவன் யூடியூப்பில் பார்த்துத்தான் படித்தான். ஆட்கள் போனில் ஒரு சாப்பாட்டைத் தேடினால் எந்தக் கடை முதலில் வரும், ஏன் வரும் என்பதெல்லாம் அவனுக்கு விரல்நுனி. நேரம் சரியாக இருக்கவேண்டும், கடை என்ன வகை என்று தெளிவாகச் சொல்லவேண்டும், யாராவது குறை எழுதினால் கோபப்படாமல் பதில் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் திருத்தத்தையும் படத்தோடு அனுப்பவேண்டும். படம் இருந்தால் உடனே ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவான். மேப்பில் பிழை திருத்துகிறவர்களுக்குப் புள்ளி கொடுத்துப் படி ஏற்றுவார்கள். விதுரன் ஆறாம் படியில் இருந்தான். அவன் அனுப்புகிற திருத்தத்தைக் கேள்வி கேட்க ஆளில்லை.

அவனுக்கும் ஒரு கடை இருந்தது. காலையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருத்தியின், வீட்டில் துப்புரவு வேலை முடித்து, மத்தியானத்துக்குப் பிறகு மனைவி துசானியோடு சேர்ந்து பல்லாறோச் சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய தெருவில், கொத்துரொட்டியும் றோல்சும் விற்றான். கடையின் பெயர் ‘யாழ் உணவகம்’. அந்த ழகரத்தோடு இத்தாலியர்கள் பட்ட பாடு பெரும் பாடு. மூன்று தெரு தள்ளி இருந்த மற்றக் கடைக்கு ‘மல்லாவி’ என்று பெயர். வன்னியிலிருந்து வந்த சாந்தரூபனும் பிரேமினியும் தங்கள் ஊரின் பெயரை வைத்தார்கள். இத்தாலியர்களோ அதை யாரோ சிசிலிக்காரனின் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு வாய் நிறையக் கூப்பிட்டார்கள்.

அது 2018. நகரம் முழுக்க உல்லாசப் பயணிகள். அவர்கள் போனில் சிறிலங்காச் சாப்பாடு என்று தேடினால் முதலில் வந்தது மல்லாவி, அதற்குக் கீழேதான் யாழ் உணவகம். மல்லாவிக்கு அறுபத்து மூன்று பேர் கருத்து எழுதியிருந்தார்கள். விதுரனுக்கு அந்த அறுபத்து மூன்றும் மனப்பாடம். தான் இரண்டாயிரத்தொன்றில் வந்தவன், இவர்கள் சண்டை முடிந்த பிறகு நேற்று வந்தவர்கள், அந்தப் பெட்டை பிரேமினி மேப்பைத் தொட்டுக்கூடப் பார்த்திராது, பிறகு எப்படி முன்னுக்கு நிற்கிறார்கள் என்று அவனுக்குள்ளே புகைந்தது. பிரேமினியின் கை ருசி என்று ஒன்று இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவனுக்கு வரவில்லை.

ஏப்ரல் மாதம் சாந்தரூபனின் தகப்பன் மார்க்கண்டு மல்லாவியில் காலமானார். சாந்தரூபன் அகதிப் பத்திரத்தில் இருக்கிறவன், ஊருக்குப் போகமுடியாது. தகப்பனின் உடல் எரிந்ததை அவன் போனில் பார்த்தான். அதற்குப் பிறகு கடையைப் பூட்டினான். இங்கே எங்கள் ஆட்கள் ஊரில் சாவு விழுந்தால் மூன்று நாள் பூட்டுவார்கள், மிஞ்சினால் எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும். வாடகை நிற்காதே. சாந்தரூபன் முப்பத்தொரு நாளும் பூட்டுவேன் என்று நின்றான்.

செத்த வீட்டுக்கு முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோவது எங்கள் வழக்கம். நாலாம் நாள் விதுரன் வீட்டு முறை. துசானி சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி எல்லாம் சமைத்துக் கொடுக்க, விதுரன்தான் கொண்டுபோனான். சாந்தரூபன் தாடி வழிக்காமல், தகப்பனின் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தான்.

“கொள்ளி வைக்க ஏலாமல் போச்சு, அண்ணை. கடையையாவது முப்பத்தொரு நாள் பூட்டி வைச்சிருப்பம். வேறை என்னத்தைச் செய்ய?” என்றான்.

விதுரனுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அதில் நடிப்பு இல்லை. பிரேமினி வாசல்வரை வந்து, துசானி அக்காவுக்கும் நன்றி சொல்லுங்கோ என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கலங்கின கண்ணோடுதான் அவன் தெருவில் இறங்கினான். வழியில் அவர்கள் கடை இருந்தது. இரும்புக் கதவு கீழே இழுத்துப் பூட்டியிருந்தது. நெஞ்சு மட்டத்தில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தார்கள்: தமிழில் இரண்டு வரி, கீழே இத்தாலியில் ‘கியூசோ பெர் லுத்தோ’, துக்கத்தினால் மூடப்பட்டிருக்கிறது. சிசிலிக்காரருக்கும் அதே வழக்கம் இருக்கிறபடியால் தெருக்காரர் ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. யாரோ ஒரு கிழவி கடுதாசியின் ஓரத்தில் ஒரு பூவையும் செருகியிருந்தாள்.

விதுரன் நின்றான். போனை எடுத்தான். மேப்பில் மல்லாவியைத் திறந்து திருத்தம் என்கிற இடத்துக்குப் போனான். அந்தக் காலத்தில் கொஞ்ச நாளைக்குப் பூட்டு என்று சொல்ல அதில் வழியில்லை. இருந்தது ஒன்றுதான்: நிரந்தரமாக மூடப்பட்டது. பூட்டின கடையைப் பூட்டியிருக்கிறது என்று சொன்னால் அதில் என்ன பொய் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். பொய் இல்லையென்றால், படம் எடுக்கும்போது இடப்பக்கம் இரண்டு அடி தள்ளி நின்று, கடுதாசி விழாமல் கதவின் மேற்பாதியை மட்டும் ஏன் எடுத்தான்? அந்தக் கேள்வியை அவன் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். சாப்பாடு கொடுத்த கையாலேயே விதுரன் பிடுங்கினான்.

அடுத்த நாள் காலையில் மல்லாவியின் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்து விழுந்திருந்தது. முதலில் அவனுக்குச் சந்தோஷம் வந்தது, ஒளிப்பானேன். பிறகு அந்தக் கடுதாசியும் பூவும் நினைவுக்கு வந்தன. பின்னேரம் மாற்றிவிடுவோம் என்று நினைத்தான். பின்னேரம் கடையில் சனம். நாளைக்கு என்றான். நாளைக்கும் சனம். ஒரு கிழமைக்குள் யாழ் உணவகம் முதலாவதாக வந்துவிட்டது. துசானிக்கு ரொட்டி கொத்திக் கொத்திக் கை வீங்கியது. என்ன மாயம் செய்தீர்கள் என்று அவள் கேட்க, புதுப் படங்கள் போட்டேன் என்றான். பொய்யென்றும் சொல்லமுடியாது, உண்மையென்றும் சொல்லமுடியாது.

மே மாதத்தில் ஒரு நாள் ஜெர்மன்காரப் புருஷனும் மனைவியும் கடைக்கு வந்து, மல்லாவி நல்லதென்று வாசித்தோம், மூடிவிட்டார்களாமே என்று கேட்டார்கள். முப்பத்தோராம் நாள் முடிந்து மல்லாவி அந்தக் கிழமைதான் திறந்திருந்தது. ஐந்து நிமிட நடை. விதுரன் தலையைக் குனிந்து றோல்சை எண்ணெயில் திருப்பிக்கொண்டே, ஓம், மூடிவிட்டார்கள் என்று சொன்னான். மேப்பில் அமத்தினது விரல். இது வாய். அன்றைக்கு இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முன்பே, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கும் அவன் போயிருக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லித் துசானியையும் பிள்ளைகளையும் அனுப்பியிருந்தான். மல்லாவி இருக்கிற தெருவால் நடக்கிறதையே விட்டுவிட்டான். சந்தைக்குப் போக ஊரைச் சுற்றினான்.

ஜூனில் செய்தி வந்தது. சொன்னவள் துசானிதான். மல்லாவிக்குத் தெருக்காரர் மட்டும் வருகிறார்களாம், வெளியாட்கள் ஒருத்தரும் இல்லையாம். சாந்தரூபன் கடற்கரைப் பக்கத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போகிறானாம். ஜூலை முடிவில் கடையை விட்டுவிட்டுத் திறப்புச் சாவியைக் கட்டிடக்காரனிடம் கொடுக்கப்போகிறார்களாம். முப்பத்தொரு நாள் பூட்டினதால்தான் வாடிக்கை போனது, அப்பாவுக்கென்று செய்ததே பிள்ளைகளின் வயிற்றில் அடித்துவிட்டது என்று அந்த மனிதன் அழுகிறானாம்.

“நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே,” என்றாள் துசானி.

அவள் சொல்லி இரண்டு நாளில் பிரேமினியே போன் எடுத்தாள். கடை மேப்பில் மூடினதாகக் காட்டுகிறது, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அண்ணை வந்து ஒருக்கால் பார்க்கமுடியுமா என்று பணிவாகக் கேட்டாள். விதுரனுக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. அது மட்டுமில்லை, செய்த உபகாரமாகவும் போகும். வெட்கங்கெட்ட நிம்மதி என்று ஒன்று உண்டு. அதோடுதான் அவன் புதன்கிழமை மூன்று மணி வெயிலில் மல்லாவிக்குப் போனான்.

கடை வெறுமையாகக் கிடந்தது. மேசைகள் துடைத்துத் துடைத்துப் பளபளத்தன. பிரேமினி கதிரை இழுத்துப் போட்டு, தன் போனைக் கையில் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனாள். விதுரன் மல்லாவியின் பக்கத்தைத் திறந்தான். முதல் படமே அவன் எடுத்தது. இரும்புக் கதவின் மேற்பாதி. படத்தோடு அவனுடைய பெயர், அவனுடைய சிரித்த முகம், தேதி. திருத்தத்தைப் படத்தோடு அனுப்பு என்று ஊருக்கெல்லாம் படிப்பித்தவன், அன்று பழக்கத்தில் தன் பெயரிலேயே படத்தைப் போட்டுவிட்டு, அது அங்கேயே கிடக்கும் என்பதை மறந்துபோனான். இரண்டு மாதமாக உலகத்துக்கே காட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

அவனுக்குக் காது சுட்டது. உள்ளே கேத்தில் இரைகிற சத்தம் கேட்டது. தன் போனை எடுத்து, மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அந்தப் படத்தைத் தேடி அழித்தான். அழித்து முடித்து நிமிர்ந்தபோது பிரேமினி இரண்டு கோப்பையோடு எதிரே நின்றாள்.

“அதை அழிச்சுப்போட்டியளோ, அண்ணை?”

அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“பரவாயில்லை. என்னட்டை ஒண்டு இருக்கு.”

அவள் தன் போனை வாங்கி, வேறொரு இடத்தைத் தட்டி, அவனுக்கு முன்னால் வைத்தாள். அதே படம், பெயரோடும் தேதியோடும். திரையை அப்படியே எடுத்து வைத்திருந்தாள். பிறகு எதிரே இருந்து, கணக்கு வாத்தி பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். கடுதாசியை ஒட்டினது அவள் கைதான், நாலு மூலையும் தேய்த்து ஒட்டினாள். கதவுக்கு நேரே நின்று எடுத்தால் அது விழாமல் இருக்காது. தள்ளி நின்று, மேலே பிடித்துத்தான் எடுக்கவேண்டும். தேதி, அவன் சாப்பாடு கொண்டுவந்த நாள். சிவப்பு எழுத்து விழுந்தது அடுத்த நாள். கடையைத் திறந்த இரண்டாம் நாளே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஆருக்கும் காட்டவெண்டு எடுத்து வைக்கேல்லை. நான் நினைச்சது பிழையில்லை எண்டு எனக்கே சொல்லத்தான் வைச்சிருக்கிறன்,” என்றாள்.

விதுரனுக்கு இருந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். தேத்தண்ணியை அவன் பக்கம் தள்ளிவைத்தாள், சீனி போதுமோ என்றும் கேட்டாள். அதைத்தான் அவனால் தாங்கமுடியவில்லை. தெரிந்துகொண்டே போன் எடுத்துப் பணிவாகக் கூப்பிட்டிருக்கிறாள். உபகாரி வேஷத்தில் தான் உள்ளே வந்ததையும், கதிரையில் சாய்ந்து இருந்ததையும், மேசைக்குக் கீழே கை போனதையும் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்ப ஏன் தங்கச்சி, என்னைக் கூப்பிட்டனீர்?” என்று கடைசியாகக் கேட்டான்.

“வேறை ஆரைக் கூப்பிட? இந்த வேலை தெரிஞ்ச தமிழ் ஆள் நீங்கள் ஒராள்தானே இஞ்சை இருக்கிறியள்.”

அவன் எழும்பினான். சாந்தரூபனிடம் போவேன், ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கே போவேன், காலில் விழுந்து சொல்லுவேன், அடித்தால் வாங்குவேன் என்றான். சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது. பிரேமினி தலையை ஆட்டினாள்.

“அவருக்குச் சொல்லக்கூடாது. தகப்பனுக்கெண்டு அந்த மனிசனாலை செய்ய ஏலுமாயிருந்தது இந்தப் பூட்டு ஒண்டுதான். அதுக்குள்ளை உங்கடை கை இருந்தது எண்டு அவருக்குத் தெரியவேண்டாம். மேப்பிலை ஏதோ பிழை எண்டு சொல்லியிருக்கிறன். அப்பிடியே இருக்கட்டும்.”

“என்னாலை இதை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது, பிரேமினி.”

“சொல்லிப்போட்டால் உங்களுக்குச் சுகமாயிருக்கும், அண்ணை. எனக்குத் தெரியும். அந்தப் பாரம் உங்கடை பாடு. இப்ப இதைச் சரியாக்குங்கோ.”

அவன் இருந்து வேலையைத் தொடங்கினான். வாழ்க்கையில் எந்தக் கடைக்கும் அவன் அப்படி வேலை செய்ததில்லை, தன் கடைக்குக்கூட. கடை திறந்திருக்கிறது என்று தன் பெயரில், அந்த ஆறாம் படியிலிருந்தே திருத்தம் அனுப்பினான். திறந்த கதவையும், அடுப்பையும், ஆவி பறக்கிற கொத்தையும் படம் எடுத்துப் போட்டான். நேரத்தைக் கிழமை நாள், ஞாயிறு என்று பிரித்துப் போட்டான். பதிலில்லாமல் கிடந்த கருத்துகளுக்கெல்லாம் அவள் தமிழில் சொல்லச் சொல்ல இத்தாலியில் பதில் எழுதினான். கடையைப் பிரேமினியின் பெயரில் பதிவதற்கு விண்ணப்பித்து, தபாலில் ஒரு கடுதாசி வரும், அதில் உள்ள இலக்கத்தைப் போட்டால் இனி வேறு ஒருத்தராலும் லேசாகக் கை வைக்கமுடியாது என்று விளங்கப்படுத்தினான். வேறு ஒருத்தர் என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு எழுத்து மறைய அரை மணித்தியாலமும் எடுக்கவில்லை. இவ்வளவு சுலபமான வேலையை இரண்டு மாதமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேனே என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பிரேமினி நன்றி சொல்லவில்லை. வாசல்வரை வந்தாள், அவ்வளவுதான்.

நல்ல சாப்பாட்டுக்கு விளம்பரம் தேவையில்லை என்பது பொய். ஆனால் நல்ல சாப்பாட்டுக்குக் கொஞ்ச விளம்பரம் போதும் என்பது உண்மை. இரண்டு கிழமையில் பயணிகள் மல்லாவியில் வரிசை கட்டினார்கள். யாழ் உணவகம் பழையபடி இரண்டாவதாக இறங்கியது. துசானி முணுமுணுத்தாள். விதுரனோ, வந்த பயணிகள் மல்லாவி எங்கே என்று கேட்டால், கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து வழி காட்டினான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு காலை. இடியப்பத்துக்கு எங்கள் ஆட்கள் கூடுகிற நேரம். அருளையாவும் இன்னும் நாலைந்து பேரும் யாழ் உணவகத்தில் இருந்தார்கள். சாந்தரூபன் மனைவியோடு உள்ளே வந்தான். முகம் வழித்து, புதுச் சேர்ட் போட்டிருந்தான். கோப்பை கழுவுகிற வேலையை விட்டுவிட்டானாம், கடைத் திறப்பையும் கொடுக்கவில்லையாம். வந்தவன் நேரே போய் விதுரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். சவர்க்காரத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்த கைகள். மேப் செய்த பிழையால் தெருவில் நிற்கவேண்டியவனை அண்ணைதான் தூக்கிவிட்டார், கடைக்காரனுக்குக் கடைக்காரன் இப்படிச் செய்ததை தான் எங்கும் கண்டதில்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். துசானியின் முகம் பெருமையில் சிவந்தது. எங்கள் எல்லாருக்கும் சீவியமே விதுரன் போட்ட படத்தில்தான் ஓடுகிறது என்று அருளையா சொல்ல, கடை முழுக்கச் சிரித்தது.

விதுரன் கையை இழுக்கப் பார்த்தான். சாந்தரூபன் விடவில்லை.

“அண்ணை, அப்பாவின்ரை முதல் வருச ஆட்டைத் திவசம் வாற சித்திரையிலை வருது. அண்ணன் தம்பி எண்டு எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை. அப்பாவுக்குப் படைச்சு முடிய, முதல் இலையிலை நீங்கள்தான் இருக்கவேணும்.”

விதுரன் பிரேமினியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொல்லமாட்டாளா, கண்ணாலாவது காட்டமாட்டாளா என்று பார்த்தான். அவள் புருஷனின் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விதுரன் பக்கம் திரும்பினாள்.

“வாங்கோ, அண்ணை. அவர் ஆசையாக் கேக்கிறார்,” என்றாள்.

கடையில் எல்லாரும் அவன் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துசானி பின்னாலிருந்து, சொல்லுங்கோவன் என்று மெல்ல இடித்தாள்.

“ஓம், வாறன்,” என்றான் விதுரன்.